உலாவியும் ஓர் உம்மாவின் தாலாட்டும்

துறை மலருக்கெனக் கட்டுரை கேட்கப்படும்போதெல்லாம் சீறாப்புராணத்திலிருந்தோ தொல்காப்பியத்திலிருந்தோ ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு எழுதித் தருவதே நம் வழக்கம். இவ்வாண்டு அவ்வழக்கத்தை விட்டு, கணினியில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல முற்படுகின்றோம். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று மூத்தோர் வினவக்கூடும். கணினித்துறை நண்பர்கள் நம் சொல்லாட்சியைக் கண்டு புன்முறுவல் பூக்கவும் கூடும். ஆயினும் இம்மலரின் பிற்பகுதியில் அச்சேறியிருக்கும் தாலாட்டுகள் எவ்வாறு நம் கைக்கு மீண்டன என்பதை யாரேனும் எழுதிவைக்கத்தான் வேண்டும். அவற்றை ஏறக்குறைய இழந்துவிட்டவர் நாமே ஆதலின், எழுதும் கடனும் நம்முடையதே.

நாம் குடியிருப்பது வள்ளூர். தேசிய அனல்மின் கழகமும் தமிழ்நாட்டு மின்வாரியமும் கூட்டாக நிறுவிய அனல்மின் நிலையத்தால் இன்று பலரும் அறிந்த ஊர். 500 மெகாவாட் வீதம் மூன்று அலகுகள் கொண்ட அந்நிலையத்தின் புகைபோக்கிகள் நம் வீட்டு மாடியிலிருந்து நன்கு தெரியும். காலையில் அத்திப்பட்டு புதுநகர் நிலையத்தில் மின்தொடர் வண்டி ஏறினால் எண்ணூர், கத்திவாக்கம், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை என்று வண்டி நகருக்குள் நுழையும். தண்டையார்பேட்டை வரும்போதெல்லாம் குணங்குடி மஸ்தான் சாகிபு நினைவுக்கு வருவார். தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் 1792இல் பிறந்து, இராயபுரத்தில் வாழ்ந்து, 1838இல் அங்கேயே அடக்கமான அந்த ஞானியைத் 'தொண்டியார்' என்று மக்கள் அழைத்தனர் என்றும், அதனால்தான் அப்பேட்டைக்கு அப்பெயர் வந்தது என்றும் சொல்வாருண்டு. பெயர்க்காரணம் எதுவாயினும், வடசென்னையின் இத்துறைமுகப் பகுதியில் இசுலாமியத் தமிழ்ப்பாடல் வேர்விட்டு இருநூறு ஆண்டுகள் ஆகின்றன என்பதில் ஐயமில்லை.

அப்பாடல் மரபின் ஒரு கிளையைத் தம் வீட்டு அலமாரியில் வைத்திருந்தவர்கள் நம் தெருப் பெரியவர் ஒருவர். பெயரை எழுதுவதை அவர்கள் விரும்பமாட்டார்கள். ஊரார் அனைவர்க்கும் அவர்கள் 'ஹாஜியார்'. முன்னோர் கீழக்கரையினர். ஹாஜியார் அவர்கள் உயர்நீதிமன்றத்தை அடுத்த தம்புச்செட்டித் தெருவில் வழக்கறிஞர் ஒருவரிடம் முப்பதாண்டுக் காலம் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். பழைய தமிழ்த் தட்டச்சுப்பொறியில் அவர்கள் விரல்கள் ஓடும் வேகத்தைக் கண்டவர் வியப்பர். ஓய்வு பெற்றபின், தம் உம்மாவும் பெரியம்மாமாரும் பாடிய தாலாட்டு, திருமணப் பாட்டு, நோன்புப் பாட்டு ஆகியவற்றை இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இருந்த மூத்த பெண்மணிகளிடம் கேட்டுக்கேட்டுத் தொகுத்தார்கள். தொகுத்தவை 312 பாடல்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பாடல்களுட் சில ஹாஜியாரின் பாட்டியார் கையெழுத்தில், ஒரு குறிப்பேட்டில், அரபுத்தமிழில் இருந்தன. இளந்தலைமுறை மாணவர்க்காகச் சிறிது விளக்குவோம். தமிழ்மொழியை அரபு எழுத்தில் எழுதுவதே அரபுத்தமிழ். தமிழுக்கேயுரிய ஒலிகளுக்கென அரபு எழுத்துகளிற் சிலவற்றிற்குக் கூடுதல் புள்ளியிட்டும் குறியிட்டும் நம் முன்னோர் அமைத்துக்கொண்டனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பேரறிஞர்கள் அதில் நூல்கள் இயற்றினர். குர்ஆன் ஓதப் பழகிய பெண்கள், தமிழ் நெடுங்கணக்கை அறியாதவராயினும், அரபுத்தமிழைச் சரளமாகப் படித்தனர். ஹாஜியார் சிறுவராயிருந்தபோது அவர்தம் பெரியம்மா மாலைநேரங்களில் அக்குறிப்பேட்டைப் படித்துக்காட்ட, வீடே கூடியிருந்து கேட்குமாம். பெரியம்மா இருந்தவரை அதைத் தமிழெழுத்தில் பெயர்த்து எழுத வேண்டும் என்று எவர்க்கும் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்? காதில் விழுகின்றதே! பெரியம்மா மறைந்த மறுநாள், குறிப்பேடு அலமாரியில் வெறும் ஏடாயிற்று. அதை மீண்டும் படிக்கத்தக்க ஓர் ஆலிமைத் தேடிக் கண்டடைய ஹாஜியார்க்குப் பதினோராண்டு பிடித்தது. இக்கதையை அவர்கள் நமக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். நாமும் பலமுறை தலையசைத்துக் கேட்டிருக்கின்றோம். கேட்டதோடு சரி.

பாடல்களை ஹாஜியார் 1999ஆம் ஆண்டு தொடங்கிக் கணினியில் ஏற்றினார்கள். பாமினி எழுத்துரு பழைய தட்டச்சுப்பலகையை ஒட்டியிருந்தமையால் அவர்கள் விரல்களுக்கு அது எளிதாயிற்று. ஆனால் கிரந்த எழுத்துகள் இருக்குமிடம் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. நம் பாடல்களில் ஹகரமும் ஸகரமும் எத்துணை மிகுதி என்பதைக் கூறவும் வேண்டுமோ? இராயபுரத்தில் டி.டி.பி. கடை வைத்திருந்த அன்பர் ஒருவர், அவர்கள் வேண்டியவாறே அவ்வெழுத்துருவிற் சில எழுத்துகளை இடம் மாற்றித் தனியே ஒன்று செய்து கொடுத்தார். பேரன் 2003இல் அப்பாடல்களை இணையப் பக்கங்களாக்கி இலவசத் தளம் ஒன்றில் ஏற்றி, ஒரு குறுந்தகட்டிலும் பதிந்து வைத்தார். தளம் பின்னர் மூடப்பட்டது. அக்காலத்து இலவசத் தளங்களின் ஊழ் பெரும்பாலும் அதுவே. அவற்றுட் புகழ்பெற்ற ஜியோசிட்டீஸ்கூட 2009 அக்டோபரில் மூடுண்டது. டி.டி.பி. கடையும் மூடப்பட்டது, இடம் மாற்றிய எழுத்துருவும் அதனோடு போயிற்று. எஞ்சியது குறுந்தகடு ஒன்றே. அதன் படி நம் வீட்டுக் கணினியில் இருந்தது.

பாமினி போன்ற எழுத்துருக்களின் இயல்பை அறிந்தாலன்றி இனி வருவது விளங்காது. பாமினியில் 'தமிழ்' என்று திரையில் நாம் காண்பது, கணினிக்குள் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. தமிழ் என்பது மேலே போர்த்திய ஆடை. எழுத்துருவாகிய ஆடையை நீக்கினால் உள்ளே தமிழே இல்லை. 'கொ' என்பதை எடுத்துக்கொண்டால், கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் இறுதியில் என மூன்று குறிகள், கையால் எழுதும் முறையிலேயே நிற்கும். ஒருங்குறியிலோ ககரம் முன், ஒகரக்குறி பின், ஆக இரண்டே. அவ்விரண்டும் தமிழுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்கள். தமிழக அரசு 2010 ஜூனில் ஒருங்குறியையும் டேஸ்-16 என்னும் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. அதற்கு முன்னிருந்த கால் நூற்றாண்டில் கடைக்கொரு குறியாக்கம், இதழுக்கொரு எழுத்துரு.

அக்குழப்பத்தினூடே தமிழை இணையத்தில் படிக்கச் செய்தவர் பலர். அவர்களுள் அதிராம்பட்டினத்து உமர் தம்பி (1953–2006) நம் மாணவர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியவர். தமிழ் மென்பொருள் ஆக்கத்தைத் தம் சொந்த நேரத்தில் செய்து, பயனை எல்லார்க்கும் விலையின்றித் தந்தவர். அவருடைய 'தேனீ' ஒருங்குறி எழுத்துருவைப் பல தமிழ்ப் பக்கங்கள் தம்மோடு ஏந்தி வந்தன. படிப்பவர் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிடினும், பக்கமே தன் எழுத்துருவைக் கொண்டுவரும். விருந்தினர் தம் பாயைத் தாமே சுருட்டிக்கொண்டு வருவது போல. எனினும் அந்நாளில் அவ்வாறு ஏந்திவந்த வடிவத்தை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்னும் உலாவி மட்டுமே ஏற்றது. ஃபயர்பாக்ஸ் பக்கத்தோடு வரும் எழுத்துருவை ஏற்கத் தொடங்கியது 2009இல், 3.5ஆம் பதிப்பில், அதுவும் வேறு வடிவத்தில். உமர் தம்பி அதைக் காண இல்லை. உலாவிக்கும் அதனோடு இணைவதற்கும் இடையிலான பொருத்தமின்மை இன்று நேற்றுத் தோன்றியதன்று என்பதற்காகவே இதைக் கூறினோம்.

இனி நம் கதை. மாணவர்கள் ஆட்-ஆன் என்று வழங்குவதைத் தமிழில் நீட்சி என்பர். உலாவி தன்னளவில் செய்யாத வேலையைச் செய்ய, பிறர் எழுதி அதனோடு பொருத்தும் சிறு நிரல். எ-கலப்பையைத் தந்த 'தமிழா' குழுவினர் ஃபயர்பாக்ஸுக்குள்ளேயே தமிழில் தட்டச்சிடத் 'தமிழ்விசை' என்னும் நீட்சியைத் தந்தனர். பழைய எழுத்துருப் பக்கங்களைப் படிக்கும் அக்கணமே ஒருங்குறியாக மாற்றிக்காட்டும் நீட்சிகளும் இருந்தன. தெலுங்குக்கெனத் தொடங்கித் தமிழ் முதலிய மொழிகளுக்கும் விரிந்த 'பத்மா' அவ்வினத்தில் பெயர் பெற்றது. அவ்வினத்து நீட்சி ஒன்றை 2012இல் நம் கணினியில் பொருத்தித் தந்தவர், அப்போது ஆய்வகத்தில் பணியாற்றிய இளைஞர். டி.டி.பி. கடைக்காரர் மாற்றியமைத்த எழுத்துகளுக்கென முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்களைக் கொண்ட ஓர் அட்டவணையை அந்நீட்சியின் அமைப்புப் பகுதியில் தாமே நிரப்பினார். பக்கத்தைத் திறந்தால் போதும், பாடல் அழகிய தமிழில் தோன்றிற்று. போகும்போது அவ்விளைஞர், "ஐயா, இது காட்டுவது மட்டும்தான், கோப்பு பழையபடியேதான் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றித் தனியாகச் சேமித்துவிடலாமா?" என்று கேட்டார். "படிக்கத்தான் முடிகிறதே தம்பி, விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம்" என்றோம். ஐந்து கோடை விடுமுறைகள் சென்றன. இளைஞர் வேலை கிடைத்து வளைகுடா நாட்டுக்குச் சென்றுவிட்டார்.

2017 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. அவ்வாண்டு மலருக்குப் பத்துத் தாலாட்டுகளைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்று ஹாஜியாரை வீட்டுக்கு அழைத்திருந்தோம். அவர்களுக்கு அப்போது எண்பத்திரண்டு வயது, கண்ணில் புரை, நாம் படிக்க, அவர்கள் கேட்டுச் சொல்வதாக ஏற்பாடு. முதலில் தம் உம்மாவின் தாலாட்டை எடுக்கச் சொன்னார்கள். திறந்தோம். அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் ஆங்கில எழுத்துகளும் திரை முழுதும் சிதறிக் கிடந்தன. வேறு பக்கத்தைத் திறந்தோம், அதுவும் அப்படியே. மூன்று, நான்கு, பத்து. தேநீர் ஆறிற்று. "ஏன் தம்பி, பாட்டு எங்கே?" என்று ஹாஜியார் இரண்டாம் முறை கேட்டபோது, "கணினி சற்றுப் பழுது" என்று பொய் சொன்னோம். ஆசிரியர்கள் இத்தகைய பொய்களை எளிதில் சொல்லிவிடுகின்றோம்.

மறுநாள், எண்ணூர்க் கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வந்து நம்மிடம் முதுகலை பயின்ற மாணவரை உடன் அழைத்து வந்தோம். கணினியை அவர் கையாளும் திறத்தை முன்னரே கண்டிருந்தோம். அவர் நீட்சிகளின் பட்டியலைத் திறந்தார். நம் நீட்சி அங்கே இருந்தது. ஆனால் 'மரபுநிலை' எனும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின்கீழ், செயலிழந்து கிடந்தது. பக்கத்தில் 'மாற்று ஒன்றைத் தேடுக' என்றொரு பொத்தான். அழுத்தினோம். நம் தேவைக்கான மாற்று எதுவும் கிடைக்கவில்லை.

நேர்ந்தது இதுதான். 2017 நவம்பர் 14இல் ஃபயர்பாக்ஸின் 57ஆம் பதிப்பு வெளிவந்தது. 'குவாண்டம்' என்று அதற்குப் பெயர். நம் கணினி அதைத் தானே இறக்கிப் புதுப்பித்துக்கொண்டது. பழைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகள் அப்பதிப்பிலிருந்து இயங்கா. ஏன் இப்படிச் செய்தார்கள் என்று சினந்தோம். மாணவர் விளக்கியபின் சினம் தணிந்தது. பழைய நீட்சிகள் உலாவியின் உள்ளுறுப்பு எதனையும் தொடலாம், மாற்றலாம். கீழக்கரை, காயல்பட்டினப் பக்கங்களில் மருமகன் மனைவி வீட்டில் வந்து குடியிருப்பது வழக்கு. வரும் மருமகன் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய இடத்தில் சுவரை இடித்து வாசல் வைத்துக்கொண்டால் என்னாகும்? வீட்டுக்காரர் ஒரு தூணை நகர்த்த நினைத்தாலும் எந்த மருமகனின் கூரை விழுமோ என்று அஞ்ச வேண்டும். கள்வனுக்கும் வழி எளிது. உலாவி விரைந்தும் பாதுகாப்பாகவும் இயங்க அதன் உட்கட்டை மாற்ற வேண்டியிருந்தது. எனவே இன்னின்ன வாயில் வழியே மட்டும் வரலாம் என்று வரையறுத்த புதிய முறையை வகுத்தனர். குரோம் உலாவியின் முறைக்குப் பெரிதும் ஒத்த முறை அது. இம்மாற்றம் வரப்போகிறது என்று மொசில்லா 2015 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. ஈராண்டுக்கும் மேலான தவணை. பொருள் ஈட்டும் நிறுவனங்களின் நீட்சிகள் புதிய முறைக்கு மாற்றி எழுதப்பட்டன. ஓய்வு நேரத்தில் ஒருவர் அன்பினால் எழுதி வெளியிட்ட நீட்சியை மாற்றி எழுத, அவருக்கும் ஓய்வும் அன்பும் மீண்டும் ஒருங்கே வாய்க்க வேண்டும். அவரை நாம் எவ்வாறு குறை கூறுவது? ஐந்தாண்டு அவர் உழைப்பில் படித்தோம். நன்றி என்று ஒரு வரி எழுதியதில்லை.

மாணவர் முதலில் எளிய வழியை முயன்றார். நீட்சியை விட்டுவிட்டுப் பாமினி எழுத்துருவைக் கணினியில் நிறுவினார். திரையில் தமிழ் தோன்றிற்று. நாம் மகிழ்ந்து ஹாஜியாரை அழைத்துவந்து உம்மாவின் தாலாட்டைப் படிக்கத் தொடங்கினோம். முதலடியிலேயே 'ஹஸன்' என்றிருக்க வேண்டிய பெயர் 'ஷஜன்' என்றிருந்தது. 'ஹாஜரா' அம்மையார் 'ஷாஸரா' ஆகியிருந்தார்கள். நாம் படிக்கப் படிக்க ஹாஜியாரின் முகம் மாறிற்று. "நிறுத்துங்க தம்பி. பெயரெல்லாம் உடைஞ்சு போச்சே. உடைஞ்ச பெயரைச் சொல்லியா பிள்ளையை உறங்க வைக்கிறது?" என்றார்கள். பிற பாடலாயிருந்தால் எழுத்துப்பிழை என்று கடந்துவிடலாம். நபிமார் பெயரும் அவர்தம் குடும்பத்தார் பெயரும் அடிதோறும் வரும் பாடலில் அது ஒவ்வாது. அன்று உண்மையைச் சொன்னோம். குறுந்தகடு, எழுத்துரு, நீட்சி, ஐந்து விடுமுறைகள், அனைத்தையும் சொன்னோம். அவர்கள் சற்று நேரம் பேசாதிருந்து, "எங்க பெரியம்மா கதையை உங்களுக்குச் சொல்லியிருக்கேனே" என்று மட்டும் சொன்னார்கள்.

ஊகித்து ஒவ்வொன்றாக மாற்றலாம் என்றோம். மாணவர் மறுத்தார். "நாலு எழுத்து என்றால் ஊகிக்கலாம் ஐயா. அட்டவணையில் முப்பதுக்கு மேல் இருந்ததாகச் சொல்கிறீர்கள். ஊகம் பிழைத்தால் அப்புறம் எது பழைய பிழை, எது நம் பிழை என்றே தெரியாது." பதிப்பாசிரியர் எவரும் எழுதிவைத்துக்கொள்ளத்தக்க சொல் இது. எம்.ஃபில். ஆய்வில் பாடவேறுபாடு குறித்து நூறு பக்கம் எழுதிய நமக்கு அது தோன்றவில்லை.

அவர் கண்ட வழியைச் சற்று விரித்தே கூறுகின்றோம், பிறர்க்கும் உதவலாம். செயலிழந்த நீட்சி நீக்கப்பட்டுவிடவில்லை. அதன் கோப்பு, உலாவி நம் விருப்பங்களைச் சேமித்துவைக்கும் கோப்புறைக்குள்ளேயே இருந்தது. அட்டவணையும் அங்கேயே இருந்தது. முதற்காரியமாக அக்கோப்புறை முழுவதையும் ஒரு விரலியில் படியெடுத்தார். "இதைச் செய்யாமல் வேறு எதையும் தொடக்கூடாது" என்றார். நிறுவனங்களுக்கென நெடுநாள் ஆதரவுடன் வெளியிடப்படும் பதிப்பு ஃபயர்பாக்ஸில் தனியே உண்டு. அவ்வரிசையில் 52ஆம் பதிப்பு அப்போதும் பழைய நீட்சிகளை ஏற்றது. அதற்கான ஆதரவு 2018 செப்டம்பர் தொடக்கம் வரை இருந்தது. அதனைப் புதிய உலாவியோடு கலவாமல் தனிக் கோப்புறையில் நிறுவினார். புதிய பதிப்பு கையாண்ட பழைய விருப்பக் கோப்புறையை அப்படியே அதற்குக் கொடுத்தால் பழுதாகலாம் என்பதால், வெற்றுக் கோப்புறை ஒன்று படைத்து, நீட்சியையும் அட்டவணை இருந்த வரிகளையும் மட்டும் அதில் சேர்த்தார். பின் இணையத் தொடர்பைத் துண்டித்தார். பழைய உலாவியோடு இணையத்தில் உலவுவது கதவைத் திறந்துபோட்டு உறங்குவதற்கு ஒப்பாம்.

பக்கத்தைத் திறந்தார். ஹஸன் ஹஸனாக நின்றார். ஹாஜரா அம்மையார் மீண்டு வந்தார்கள். திரையில் தெரிந்ததை அப்படியே படியெடுத்து வேறு கோப்பில் ஒட்டினால், ஒட்டப்பட்டது ஒருங்குறியாகவே அமைந்தது. அதாவது, ஐந்தாண்டுக் காலம் எந்நாள் நினைத்தாலும் இரண்டு விசைகளை அழுத்தி முடித்திருக்கக்கூடிய வேலை!

தட்டச்சுச் சிக்கல் ஒன்றும் உடனிருந்தது. அதை எளிதில் கடந்தோம். எ-கலப்பை போன்றவை உலாவிக்கு உள்ளே இராமல் கணினி அளவில் இயங்குவன ஆதலின், உலாவி எவ்வாறு மாறினும் அவற்றிற்கு ஊறில்லை.

டிசம்பர் முதல் ஞாயிறுதோறும் நம் வீட்டுக் கூடத்தில் மெய்ப்பு நோக்கும் பணி நடந்தது. மாணவர் எண்ணூரிலிருந்து வந்துவிடுவார். சில நாட்களில் அவர் தாயார் கொடுத்தனுப்பிய கருவாடும் வரும். அவர் படிப்பார், ஹாஜியார் கண்மூடிக் கேட்பார்கள், நாம் குறித்துக்கொள்வோம். மாணவர் அவர்களைத் 'தாத்தா' என்றே அழைத்தார். அரபுப் பெயர்களை முதலில் தயங்கித் தயங்கிப் படித்தவர், பொங்கல் கழிவதற்குள் பிசகின்றிப் படித்தார்.

ஒரு ஞாயிறன்று நடந்ததை மறக்கவியலாது. பல பாடல்களில் சில பெயர்களை அடுத்து வளைகோடு போன்ற ஒரு குறி இருந்தது. அதை நாம் அணிக்குறி என்றே ஐந்தாண்டும் எண்ணியிருந்தோம். மாணவர் படிக்கும்போது அதனை விட்டுவிட்டார். "அங்கே ஒண்ணு விட்டுப் போச்சு" என்றார்கள் ஹாஜியார். எதுவும் விடுபடவில்லை, ஒரு கோடுதான் இருக்கிறது என்றோம். அவர்கள் விசைப்பலகையைத் தம் மடிக்கு நகர்த்தச் சொன்னார்கள். கண் தெரியாத நிலையில் விரல்களை உரிய இடத்தில் வைத்து அப்பாடலடியை மீண்டும் அடித்தார்கள். பெயர் முடிந்ததும் வலக்கைச் சுண்டுவிரல் தானே ஓரத்து விசை ஒன்றிற்குச் சென்றது. "இதுதான். ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம். நீளமா இருக்குன்னு கடைக்காரத் தம்பி ஒரே சாவியில போட்டுக் கொடுத்தாரு." அட்டவணையை நிரப்பிய இளைஞருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை; எனவே அவ்விசைக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. நபிகள் நாயகத்தின் பெயரோடு இணைந்து வரவேண்டிய வாழ்த்தை, நாம் அணிக்குறி என்று தாண்டிக்கொண்டிருந்தோம். 94 இடங்களில் அதைச் சேர்த்தோம்.

வேறொரு வகைப் பிழையும் வெளிப்பட்டது. சில இடங்களில் திரையில் இருந்த சொல்லும் ஹாஜியார் நினைவில் இருந்த சொல்லும் வேறாயிருந்தன. எழுத்துரு மாற்றத்தால் வந்த பிழையோ என ஆராய்ந்தால், அன்று. அவர்களே 2001இல் பிழைபட அடித்தவை. "வயசாகுது தம்பி, அப்பவே வயசாயிருச்சு" என்று சிரித்தார்கள். திருத்தட்டுமா என்று கேட்டதற்கு, பாடிய பெண்மணியின் சொல் இன்னதென்று அவர்களுக்கு உறுதியாகத் தெரிந்த இடங்களில் மட்டும் திருத்தச் சொன்னார்கள். மற்றவற்றை அடிக்குறிப்பாக வைத்தோம்.

2018 நவம்பரில், ரபீஉல் அவ்வல் பிறையில் ஹாஜியார் அவர்கள் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸாவில் எண்ணூர் மாணவரும் வந்து நின்றார். அதுவரை 293 பாடல்களை மெய்ப்பு நோக்கியிருந்தோம். 19 எஞ்சின.

மறு ஆண்டு மே 4ஆம் நாள் காலை, உலகெங்கும் ஃபயர்பாக்ஸ் பயன்படுத்துவோர் பலரின் நீட்சிகள் ஒருங்கே செயலிழந்தன. சான்றிதழ் ஒன்றின் காலம் முடிந்திருந்ததே காரணம். அடுத்தடுத்த நாட்களில் சரிசெய்தனர். அன்று மாலை மாணவர் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, நம் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை அல்லவா?" என்றார். ஆகவில்லை. அவை ஒருங்குறியில், மூன்று இடங்களில், எந்த உலாவியையும் எந்த நீட்சியையும் எதிர்பாராமல் இருந்தன. ஒன்றை அச்செடுத்து ஹாஜியாரின் மகளாரிடமும் கொடுத்திருந்தோம். வீட்டில் கைக்குழந்தை இருந்தது.

அம்மாணவர் இன்று பள்ளியொன்றில் தமிழாசிரியர். இம்மலரில் வெளியாகும் நாற்பது தாலாட்டுகளையும் அவரே இறுதியாகப் பார்த்துத் தந்தார். எஞ்சிய பத்தொன்பதில் எதனையும் சேர்க்கவில்லை. அவற்றுள் ஒரு பாடலில் ஒரே சொல் நான்கு முறை வருகின்றது. ஊர்ப்பெயரா, உறவுப்பெயரா என்பது விளங்கவில்லை. அட்டவணைப்படி அது ஒருவாறு தோன்றுகின்றது. ஹாஜியாரின் பாட்டியார் குறிப்பேட்டில் வேறுவாறு இருக்கலாம் என்று, குறிப்பேட்டைப் படிக்கவல்ல ஆலிம் ஒருவர் சொல்கின்றார். ஹாஜியாரின் இளைய தங்கையார் திருவொற்றியூரில் மகன் வீட்டில் இருக்கின்றார்கள். அவர்கள் அப்பாடலைப் பாடக் கேட்டதுண்டு என்று பேத்தி சொல்லியனுப்பியிருக்கின்றார். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் நாமும் அவ்வாசிரியரும் அங்கே செல்கின்றோம். பாடலைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக்கொண்டாயிற்று. பாட்டியாரின் குறிப்பேட்டையும் துணியில் சுற்றி எடுத்து வைத்திருக்கின்றோம்.